பனிக்காலத்துப் பந்தி

பாரி முல்லைக்குத் தேர் ஈந்ததையும், பேகன் மயிலுக்குப் போர்வை அளித்ததையும் நம் மாணவர்கள் ஒரே மூச்சில் ஒப்பித்து முடித்துவிடுகின்றனர். கடையெழு வள்ளல்கள் யாவர் என்னும் தேர்வு வினாவுக்கு அவ்வளவே போதும். ஆனால், பின்வரிசையில் அமர்ந்திருக்கும் குறும்புக்கார மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அந்த மயிலுக்குப் போர்வை வேண்டியிருந்ததா?" என்று கேட்டுவிட்டால், நம்மில் பலர் அவனை உட்காரச் சொல்லிவிட்டு அதியமானுக்குப் போய்விடுவோம். கேட்கத் தகாத வினா அன்று அது. கொடுப்பவன் தன் நெஞ்சின் கனிவைக் கொண்டு மட்டும் கொடுக்கலாமா, பெறுபவரின் நிலையை அறிந்த பின்னரே கொடுக்க வேண்டுமா என்னும் பழைய ஐயம் அதனுள் ஒளிந்து கிடக்கிறது.

குளிரும் பறவையும் கொடையும் ஒருங்கே கூடும் அந்தக் காட்சியை இன்று காண வேண்டுமாயின் பழனிமலைச் சாரலுக்குச் செல்லுதல் பயன்படாது. குளிர் நாடுகளின் வீட்டுத் தோட்டங்களுக்கே செல்ல வேண்டும். அவற்றுள்ளும் இங்கிலாந்து முதன்மையானது. அந்நாட்டு வீடுகளில் ஏறத்தாழப் பாதி, தோட்டத்துக்கு வரும் காட்டுப் பறவைகளுக்கு உணவு வைக்கின்றன என்பர். கம்பியில் தொங்கும் தீனிக்குழலில் நிலக்கடலையும் சூரியகாந்தி விதையும். மரக்கிளையில் கொழுப்பு உருண்டை. தண்ணீர்த் தட்டில் உறைபனி படர்ந்தால் வெந்நீர் ஊற்றி உருக்குவதற்கு ஒருவர். சன்னலுக்கு உட்புறம் நாற்காலியும் தேநீர்க் கோப்பையும் உண்டு. இந்த நாற்காலியைப் பற்றிப் பின்னர்ப் பேசியாக வேண்டும்.

வெயிலும் மழையுமன்றி வேறு பருவம் அறியாத மலேசிய, சிங்கைத் தமிழராகிய நமக்குப் பனிக்காலம் என்பது வாழ்த்து அட்டையில் காணும் வெண்மை, அவ்வளவே. பறவைக்கோ அது கடுமையான கணக்கு. டிசம்பர்த் திங்களின் பிற்பகுதியில் இலண்டனில் பகற்பொழுது எட்டு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. எஞ்சிய பதினாறு மணியும் இருள். தோட்டங்களுக்கு மிகுதியாக வரும் நீலப் பட்டாணிக்குருவியின் எடை ஏறக்குறைய 11 கிராம். ஒரு மேசைக்கரண்டிச் சர்க்கரையின் எடை என்று கொள்ளலாம். அந்தச் சிற்றுடலுக்குள் நம் உடலைவிட மிகுந்த வெப்பத்தை அது காத்தாக வேண்டும். சிறிய பொருள் பெரிய பொருளினும் விரைந்து சூடிழக்கும் என்பதை அறிவியல் மாணவர்கள் அறிவர். எனவே பகலெல்லாம் தின்று திரட்டிய கொழுப்பை ஒரே இரவு எரித்துத் தீர்த்துவிடுகிறது. விடியும் வேளையில் உடலெடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்திருக்கும். அடுத்த எட்டு மணி நேரத்துக்குள் அதை மீண்டும் ஈட்டிவிட வேண்டும். மழை பெய்த நாளில் பால்மரம் வெட்ட இயலாமல் அன்றைய கூலியை இழந்த தோட்டப் பாட்டாளியின் வாழ்வைத் தம் பெற்றோர் வாயிலாகக் கேட்டறிந்தவர்களுக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும். அன்றன்று ஈட்டி அன்றன்று தீரும் வாழ்வில் ஒரு நாள் இழப்பு என்பது ஒரு நாளோடு நிற்பதில்லை.

குளிரை வெல்லப் பறவைகள் செய்யும் முயற்சிகளைப் படிக்கும்போது நெஞ்சு நெகிழாமல் இராது. ரென் என்றொரு சிறு குருவி, பட்டாணிக்குருவியினும் சிறியது, பகலில் தன் எல்லைக்குள் மற்றொரு ரென் காலடி வைத்தாலும் பொறாதது. அதே குருவிகள் கடுங்குளிர் இரவில் பகை மறந்து ஒரே பொந்துக்குள் அடுக்கடுக்காக ஒடுங்குகின்றன. 1969-ஆம் ஆண்டு நார்ஃபக் வட்டாரத்தில் ஒரே ஒரு கூட்டுப் பெட்டிக்குள் 61 ரென்கள் இரவு தங்கியதைக் கணக்கிட்டு எழுதி வைத்திருக்கின்றனர். அப்படி ஒடுங்கியும் உயிர் காக்க முடியாத ஆண்டுகளும் உண்டு. 1962-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1963 மார்ச் வரை நீடித்த பெருங்குளிரில் இங்கிலாந்தின் ரென்களுள் பெரும்பகுதி மடிந்து போயின.

இத்தகைய குளிர்காலங்களே பறவைக்கு உணவிடும் வழக்கத்தை வளர்த்தன. 1890-91-ஆம் ஆண்டுக் கடுங்குளிரின்போது செய்தித்தாள்கள் பறவைகளுக்கு உணவிடுமாறு மக்களை வேண்டின. அதற்கு இரண்டோர் ஆண்டுகளின் பின் வந்த மற்றொரு குளிரில், இலண்டனின் தேம்சு ஆற்றுப் பாலங்களில் தொழிலாளரும் சிறுவரும் நண்பகல் உணவு வேளையில் திரண்டு, தாம் உண்டது போக மிஞ்சியதைக் கடற்பறவைகளுக்கு வீசியதை ஹட்சன் என்னும் இயற்கையியல் எழுத்தாளர் 1898-இல் வெளியிட்ட நூலில் பதிந்து வைத்தார். 1910-இல் 'பஞ்ச்' என்னும் நகைச்சுவை இதழ் பறவைக்கு உணவிடுதலை நாட்டின் பொழுதுபோக்கு என்றே அறிவித்துவிட்டது. தொழிலாளியின் எச்சிற் சோற்றில் தொடங்கிய அறம் இருபது ஆண்டுகளுக்குள் பொழுதுபோக்காயிற்று. அறம் என்ற சொல்லுக்கும் பொழுதுபோக்கு என்ற சொல்லுக்கும் இடையில்தான் நம் வினா நிற்கிறது.

இப்போது அந்த நாற்காலிக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனவரித் திங்களில் இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் பத்து நாள் தங்க நேர்ந்தது. காலையில் அவ்வீட்டு அம்மையார் முதலில் செய்வது தீனிக்குழலை நிரப்புவது. இரண்டாவது செய்வது சன்னலோரம் அமர்வது. நானும் அமர்ந்தேன். அரைமணி நேரம் போனதே தெரியவில்லை. ஒரு பட்டாணிக்குருவி வந்து ஒரு விதையைக் கவ்விக்கொண்டு கிளைக்குப் பறந்து, இரு கால்களுக்கிடையில் அதனை இடுக்கி, கொத்தி உடைத்துத் தின்று, மீண்டும் வந்தது. மார்பு சிவந்த ராபின் ஒன்று குழலில் தொங்கத் தெரியாமல் தரையில் சிந்தியதைப் பொறுக்கிற்று. ஊர் திரும்பி இதை வகுப்பில் கூறியபோது மாணவி ஒருத்தி கேட்டாள்: "அவர்கள் பறவைக்காகப் போடுகிறார்களா, பார்ப்பதற்காகப் போடுகிறார்களா?"

இக்கேள்வியைத் தமிழ் மரபுக்கு அயலான கேள்வி என்று தள்ள முடியாது. திருவள்ளுவர் ஈகை அதிகாரத்தின் முதற் குறளிலேயே ஈகையையும் குறியெதிர்ப்பையையும் பிரித்துவிட்டார். குறியெதிர்ப்பை என்பது அளந்து கொடுத்து, அளந்த அளவே திரும்பப் பெறுவது. அண்டை வீட்டுக்கு ஒரு படி அரிசி கைம்மாற்றாகக் கொடுப்பது போன்றது. ஒரு பிடி விதை கொடுத்து அரைமணி நேரக் காட்சி பெறுவது இவற்றுள் எதனைச் சேரும்? கண்டிப்பான அறவோர் ஒருவர் இதனை ஈகை என்று ஒப்பமாட்டார். நுழைவுச்சீட்டு வாங்கிக் கூத்துப் பார்ப்பதைப் போன்றதே என்பார். அங்கே பறவைத் தீனி விற்பனையும் இன்று பெரும் வாணிகமாக வளர்ந்துவிட்டது. கடையில் விற்கும் பொருள்களில் பறவையின் பசிக்காகச் செய்தவையும் உண்டு. பார்ப்பவர் கண்ணுக்காகச் செய்தவையும் உண்டு. சன்னற் கண்ணாடியிலேயே ஒட்டிவைக்கும் தீனித் தட்டு எப்பறவையும் கேட்டு வாங்கியதன்று.

நாம் மட்டும் இதில் தூயவர்கள் என்றும் எண்ணிவிட வேண்டா. அமாவாசையன்று காக்கைக்கு வைக்கும் சோற்றில் முன்னோரின் நினைவு கலந்திருக்கிறது. அவர்தம் வாழ்த்தை நாடும் ஆசையும் கலந்திருக்கிறது. காக்கை வரும்வரை காத்து நின்று, வந்து கொத்திய பின்னரே இலையின் முன் அமரும் வீடுகளை நாம் அறிவோம். அங்கும் கொடுப்பவர் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார். அதனால் அந்தச் சோறு காக்கையின் வயிற்றில் சோறாக இல்லாமல் போய்விடுவதில்லை.

கொடுப்பவனுக்கு மகிழ்ச்சி விளைவது கொடையின் குற்றமன்று என்பதே என் துணிபு. முகம் மலராமல் கொடுத்த கொடையை நம் முன்னோர் மதித்ததில்லை. மகிழ்ச்சியை நாடிக் கொடுப்பவன் எப்போது தவறுகிறான் என்றால், தன் மகிழ்ச்சியையே பெறுபவரின் நன்மைக்கு அளவுகோலாகக் கொள்ளும்போதுதான். என் கண் குளிர்ந்தது, ஆகவே அதன் வயிறும் நிறைந்தது. என் தோட்டத்தில் பறவைகள் பெருகின, ஆகவே நாட்டிலும் பறவைகள் பெருகின. இந்த 'ஆகவே'தான் ஆராயத்தக்கது.

முதலில், உணவு உண்மையிலேயே உதவுகிறதா? அமெரிக்காவின் விசுகான்சின் மாநிலத்தில், சிக்கடீ என்று அங்கு வழங்கும் பட்டாணிக்குருவி இனத்தை வைத்து 1980-களில் ஆய்வு செய்தனர். தீனி வைத்த காட்டில் வாழ்ந்த குருவிகளுள் 100-க்கு 69 குளிர்காலத்தைக் கடந்தன; தீனி இல்லாத காட்டில் 100-க்கு 37 மட்டுமே கடந்தன. வெப்பநிலை மிகவும் தாழ்ந்த மாதங்களில்தான் இவ்வேறுபாடு பெரிதாக வெளிப்பட்டது. ஆகவே பனிக்காலத்துப் பட்டாணிக்குருவி பேகனின் மயில் அன்று. அதற்குக் குளிர் உண்டு, பசியும் உண்டு. வேறோர் அச்சமும் அவ்வாய்வாளர்களுக்கு இருந்தது. இனாம் உண்டு பழகிய குருவி, தானாகத் தேடி உண்ணும் திறனை இழந்து சோம்பிவிடாதா? மனிதருக்குச் செய்யும் உதவியைப் பற்றியும் இதே அச்சத்தைச் சிலர் அடிக்கடி எழுப்புவதுண்டு. பெரும்பாலும் கொடுக்க மனமில்லாதவர்கள். இருபத்தைந்து ஆண்டுகளாகத் தீனி வைத்து வந்த இடம் ஒன்றில் தீனியை அகற்றிவிட்டுப் பார்த்தனர். அக்குருவிகள் தீனியே அறியாத குருவிகளைப் போலவே குளிர்காலத்தைக் கடந்தன. சோம்பல் என்னும் குற்றச்சாட்டு அவற்றின்மீது நிற்கவில்லை.

குற்றம் வேறோர் இடத்தில் இருந்தது. கிரீன்ஃபிஞ்ச் என்பது பசுமையும் மஞ்சளும் கலந்த தடித்த அலகுடைய குருவி. இங்கிலாந்துத் தோட்டங்களில் மிகுந்து காணப்பட்டது. புறாக்களின் தொண்டையில் நெடுங்காலமாக அறியப்பட்டிருந்த ஒரு நுண்ணுயிர் 2005-இல் இக்குருவி இனங்களிடையே தோன்றி, 2006-இல் கொள்ளைநோயாகப் பரவியது. நோயுற்ற பறவையின் தொண்டை வீங்கி அடைத்துக்கொள்கிறது. விதையை அலகில் எடுக்கும். விழுங்க முடியாமல் எச்சிலோடு கீழே நழுவவிடும். பசி தீராததால் தீனி மேசையை விட்டு அகலாது. அங்கேயே சிறகைச் சிலிர்த்துக்கொண்டு குந்தியிருக்கும். அது நழுவவிட்ட விதையை அடுத்த பறவை எடுத்து உண்ணும். காட்டில் தனித்தனியே திரியும் பறவைகளை ஒரே தட்டில் நாள்தோறும் கூட்டி வைத்தது யார்? பந்தி விரித்தவர்தாம். சுமார் 43 இலட்சமாக இருந்த கிரீன்ஃபிஞ்சுகள் 2009-க்குள் சுமார் 28 இலட்சமாகக் குறைந்தன. வீழ்ச்சி அத்துடன் நிற்கவுமில்லை. 2021-இல் அவ்வினம் பிரித்தானியப் பறவைகளின் சிவப்புப் பட்டியலில், அதாவது பெரிதும் கவலைக்குரியவற்றின் வரிசையில், சேர்க்கப்பட்டது. உணவிட்ட கைகள் அன்பான கைகள் என்பதில் ஐயமில்லை. அன்பு தட்டைக் கழுவவில்லை.

நஞ்சிட்டவனுக்கும் அறியாமல் நோய் பரப்பியவனுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. ஆனால் அறியாமை எத்தனை நாளைக்குக் காப்பாக நிற்கும்? 2006-இல் அது காப்பு. நோய் பரவும் வழி விளங்கிவிட்ட இந்நாளில் அது காப்பன்று. அறிவு வளருந்தோறும் கடமையும் வளர்கிறது. நேற்று அறமாக இருந்த செயலையே இன்று அவ்வாறே செய்தால் அது அறக்குறையாக மாறிவிடக்கூடும். அங்குள்ள பறவைப் பாதுகாப்பு அரச கழகம் தன் கடைகளில் தட்டையான தீனி மேசைகளின் விற்பனையை 2025-இல் நிறுத்தி வைத்தது, தட்டையான பரப்பில் எச்சிலும் எச்சமும் தேங்கி நோய்க்கு இடந்தரும் என்னும் ஐயத்தினால்தான். 1889-இல் தோன்றிய அமைப்பு, தானே ஊக்கி வளர்த்த வழக்கத்தைத் தானே திரும்பிப் பார்ப்பது எளிய செயலன்று.

இதனினும் நுட்பமான தீங்கு ஒன்றுண்டு. தோட்டத்துக்கு வந்து உண்டு கொழுக்கும் நீலப் பட்டாணிக்குருவி, இளவேனில் வந்ததும் அருகிலுள்ள காட்டில் கூடு தேடுகிறது. அக்காட்டில் வில்லோ பட்டாணிக்குருவி என்னும் கூச்சமுள்ள உறவினம் ஒன்று வாழ்கிறது. அது தோட்டங்களுக்கு அரிதாகவே வரும். உளுத்த மரத்தில் தானே பொந்து குடைந்து முட்டையிடும். நீலக்குருவி அந்தப் பொந்தைப் பறித்துக்கொள்வதுண்டு. 1970-இலிருந்து வில்லோ பட்டாணிக்குருவி பிரித்தானியாவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலாக அழிந்துவிட்டது. ஈரநிலக் காடுகள் கெட்டது முதலாகக் காரணங்கள் பல. எனினும், தோட்டத்துத் தீனி நீலக்குருவியைப் பெருக்கி இந்த எளிய இனத்தை நெருக்குகிறதோ என்னும் வினாவையும் ஆய்வாளர் சிலர் எழுப்பியுள்ளனர். அவ்வாறாயின், இந்தக் கொடையில் கொடுப்பவரும் பெறுபவரும் மட்டும் இல்லை. பந்திக்கு வராத மூன்றாமவர் ஒருவரும் இருக்கிறார். அவரைச் சன்னலிலிருந்து காண முடியாது.

பேகனின் கதையில் நம் பாடநூல்கள் சொல்லாமல் விடும் பகுதி இங்கு நினைவுக்கு வருகிறது. மயிலுக்குப் போர்வை அளித்த அதே பேகன், தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியின்பால் சென்றிருந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவளுக்காக அவனிடம் வழக்காடினர். அப்பாட்டுகள் புறநானூற்றில் உள்ளன. அவற்றுள் பரணர் தொடங்கும் முறை வியக்கத்தக்கது. மயிலுக்கு இரங்கியவனே என்று அவனை விளித்துவிட்டு, தாம் பசித்து வரவில்லை என்று கூறி, பரிசிலாக வேண்டுவது அவன் மனைவியிடம் திரும்புவதே என்கிறார். முன்னே நின்ற மயில் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. தொலைவில் அழுத பெண் தெரியவில்லை. அருள் கண்ணின் வழியே பிறக்கிறது; ஆகையால் கண் செல்லாத இடத்துக்கு அது செல்வதில்லை. இதே பரணர்தாம் பேகனின் கொடையைக் கொடைமடம் என்னும் சொல்லால் சுட்டினார். இன்னார்க்கு இன்னது என்று ஆராயாத கொடையை, இடம் பாராது பெய்யும் மழையோடு ஒப்பிட்டுப் பாராட்டாகவே அதைப் பாடினார். அப்பாராட்டை ஏற்கும்போதே, மழையினாலும் வெள்ளம் வருவதுண்டு என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை.

எனில், காண்பதுதான் குறைபாடா? இங்குதான் அந்த நாற்காலியின் மீது எனக்கு மதிப்புப் பிறக்கிறது. கிரீன்ஃபிஞ்சுகள் சாகின்றன என்பதை முதலில் அறிந்தவர்கள் யார்? சன்னலோரம் அமர்ந்திருந்தவர்கள். சிறகு சிலிர்த்து அசையாது குந்தியிருந்த குருவியைக் கண்டு அவர்கள் எழுதிய கடிதங்களும், அவர்கள் அனுப்பிய இறந்த உடல்களுமே நோயை இனங்காண உதவின. 1970-களின் தொடக்கத்திலிருந்து குளிர்காலந்தோறும் தோட்டப் பறவைகளைக் கணக்கெடுத்து எழுதி வருவோர் அங்கு உண்டு. 1979 முதல் சனவரி இறுதியில் ஒரு மணி நேரம் அமர்ந்து எண்ணி அனுப்பும் பெருங்கணக்கெடுப்பும் நடைபெறுகிறது. 1970-களில் தீனி வைத்த தோட்டங்களுள் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் காணப்பட்ட கோல்ட்ஃபிஞ்ச் என்னும் குருவி, 2010-களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவற்றுக்கு வந்தது என்று நாம் அறிவது இவர்களால்தான். காட்சி இன்பத்துக்காக அமர்ந்தவர் எண்ணத் தொடங்கினார். எண்ணத் தொடங்கியவருக்கு எண்ணிக்கை குறைவது தெரிந்தது. போட்டுவிட்டு அகல்பவரினும் போட்டுவிட்டுப் பார்ப்பவர் மேல் என்று கருதுகிறேன். முன்னவர் தம் நல்லெண்ணத்தை மட்டுமே அறிவார். பின்னவர் அதன் விளைவையும் அறிய வாய்ப்புண்டு.

பார்ப்பவருக்கு விருந்தினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லை. தீனிக்குழலைச் சுற்றிக் குருவிகள் கூடியிருக்கும் வேளையில் வேலிக்கு மேலாக வல்லூறு ஒன்று பாய்ந்து ஒன்றைக் கவ்விச் செல்லும். நான் தங்கிய வீட்டு அம்மையார் அதன்மீது கடுஞ்சினம் கொண்டிருந்தார். குருவிக்கு விதை வைத்தவர் வல்லூறுக்குக் குருவி வைத்தவராகிறார் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. விருந்தாளி பேசும் பேச்சன்று அது. ஆனால் வல்லூறும் பனிக்காலத்துப் பசியோடுதான் வருகிறது.

கொடை பெறுபவரை மாற்றியும் விடுகிறது. நடு ஐரோப்பாவில் பிறக்கும் கருந்தலைக் கதிர்க்குருவிகள் குளிர்காலத்தில் தென்மேற்கே சென்று நடுநிலக் கடற்கரைகளில் தங்குவது மரபு. ஏறத்தாழ 1960-களிலிருந்து அவற்றுள் ஒரு பகுதி வடமேற்கே திரும்பி இங்கிலாந்துக்கு வரலாயிற்று. அத்திசையுணர்வு குஞ்சுகளுக்கும் பிறவியிலேயே வாய்க்கிறது என்பதைச் செருமானிய ஆய்வாளர்கள் 1992-இல் மெய்ப்பித்தனர். ஆக்சுபோர்டுக்கு அருகில் வைதம் காட்டிலுள்ள பெரும் பட்டாணிக்குருவிகளின் அலகு நெதர்லாந்தின் அதே இனக் குருவிகளின் அலகைவிட நீண்டு வருவதாக 2017-இல் வெளியான ஆய்வொன்று கூறியது. தீனிக்குழல் அதற்கு ஒரு காரணமாகலாம் என்றும் அவ்வாய்வாளர்கள் கருதினர். பொழுதுபோக்காகத் தொங்கவிட்ட குழல் ஓர் உயிரினத்தின் அலகையே மாற்றுகிறது என்றால், நாம் கொடுத்தது விதை மட்டுமன்று. அப்பறவைகளின் இசைவை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் வழியில்லை. மறுக்கவும் நன்றி கூறவும் இயலாத ஒருவருக்குக் கொடுக்கும்போது, அவர் சார்பில் ஆராய வேண்டிய பொறுப்பும் கொடுப்பவரையே சேர்கிறது.

அப்படியானால் கொடுக்காமலே இருந்துவிடலாம் என்று கூறுவோர் உண்டு. இடம் நோக்காமல் இதற்கு விடை கூற இயலாது. சிங்கப்பூரில் 2020 முதல் நடப்பிலுள்ள வனவிலங்குச் சட்டத்தின்படி, இசைவு பெறாமல் காட்டுயிர்களுக்கு உணவிடுதல் குற்றம். முதன்முறை பிடிபடுவோருக்கே 5,000 வெள்ளி வரை தண்டம் விதிக்கலாம். அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் புறாக்களுக்கு அரிசி இறைக்கும் நம் முதியவர்கள் சிலருக்கு இச்சட்டம் அருளற்றதாகத் தோன்றுகிறது. நான் சட்டத்தின் பக்கமே நிற்கிறேன். பதினாறு மணி நேர இரவும் உறைபனியும் இல்லாத நாட்டில் புறாவுக்கு அந்த அரிசி உயிர்ப்பிச்சையன்று, மிகைச் சோறு. அது புறாவைப் பெருக்கும். பிற பறவையின் இடத்தைக் குறைக்கும். இங்கிலாந்தின் சனவரியில் அறமாகும் செயல், நம் புளோக்கின் கீழ் வெறும் பழக்கமாகிவிடுகிறது.

வடக்கின் குளிருக்கு அஞ்சிய பறவைகள் நம்மிடமும் வருகின்றன. செப்டம்பர் முதல் மார்ச் வரை சுங்கை பூலோவின் சேற்றுத் திடலிலும் கோலசிலாங்கூர்க் கரையிலும் இறங்கும் உள்ளான்களுக்கும் பசிபிக் பொன்னிற உப்புக்கொத்திகளுக்கும் நாம் ஒரு பிடி தானியமும் இட வேண்டியதில்லை. அவற்றின் பந்தி சேற்றுக்குள் இருக்கிறது. அந்தச் சேற்றை மண் கொட்டி மேடாக்காமல் விட்டு வைத்தால் போதும். கையை நீட்டிக் கொடுப்பதினும் கையை மடக்கிக்கொள்வது சில வேளைகளில் பெரிய கொடை. ஆனால் அதில் காண்பதற்குக் காட்சி குறைவு. அதனால்தானோ என்னவோ அதைச் செய்வோரும் குறைவு.

கையை மடக்குவதில் இதனினும் கடினமான கட்டம் ஒன்று இங்கிலாந்துத் தோட்டத்திலேயே உண்டு. நோயுற்ற பறவை ஒன்று தீனிக்குழலருகில் தென்பட்டால் உணவிடுதலை உடனே நிறுத்தி, குழல்களைக் கழுவிக் காயவைத்து, கூட்டம் கலைந்து போகச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும் என்பது அங்கு வழங்கும் அறிவுரை. வெளியே பனி. விடியலில் வழக்கம்போல் வந்து வெறுங் கம்பியில் அமர்ந்து சன்னலைப் பார்க்கும் குருவி. உள்ளே நிரம்பிய விதை மூட்டை. அந்த வேளையில் எழுந்து சென்று போட்டுவிடுவது எளிது. போடாமல் இருப்பதற்கே அருள் மிகுதியும் வேண்டும். ஓரிரு நாளில் அக்குருவிகள் வேறு வேலிகளுக்கும் வயல்களுக்கும் சிதறிவிடும். சிதறுவதே அவற்றுக்குக் காப்பு. அந்நாள்களில் அவ்வீட்டுச் சன்னலில் காண ஒன்றுமிராது. காட்சிக்காகக் கொடுத்தவர் யார், பறவைக்காகக் கொடுத்தவர் யார் என்று என் மாணவி கேட்ட கேள்விக்கு விடை வேண்டுமானால், அந்தச் சில வாரங்களில் போய்த்தான் தேட வேண்டும்.

ஏப்பிரலில் ஓக்கு மரங்கள் துளிர்க்கின்றன. துளிரில் புழுக்கள் தோன்றும் வேளை பார்த்தே பட்டாணிக்குருவிகள் முட்டையிடுகின்றன. குஞ்சு ஒன்றுக்கு நாளொன்றுக்கு நூறு புழு வரை வேண்டும். ஒரு கூட்டில் எட்டும் பத்துமாகக் குஞ்சுகள் இருக்கும். விடியல் முதல் அந்தி வரை தாயும் தந்தையும் மரத்துக்கும் கூட்டுக்குமாகப் பறந்துகொண்டே இருக்கின்றன. பனிக்காலமெல்லாம் தொங்கிய சன்னலுக்கு அவை வருவது அருகிவிடுகிறது. வீட்டார் தீனிக்குழலைக் கழற்றி, அடியில் ஒட்டிக்கிடக்கும் பூஞ்சை பிடித்த விதைகளைத் தட்டிக் கொட்டி, வெந்நீரும் தூரிகையும் கொண்டு தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைக்கின்றனர்.